இரண்டாம் மாடியில் விழும் இடிகள்

ஒன்பது பத்துக்கு முதல் இடியை இறக்கிவிட்டுத்தான் அவர் காபி எடுக்கப் போவார். அதற்கு முன் சில காரியங்கள் உண்டு. நாற்காலியை முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டிப் பார்ப்பார். கணினித் திரையைச் சட்டைக் கைநுனியால் துடைப்பார். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைப்பார். பிறகு எறும்பை நசுக்குவதுபோல ஒரே விரலால் ஒரு விசையை அழுத்துவார். இரண்டு லட்சம் ஆம்பியர் மின்சாரம், இமை மூடித் திறக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், ஒரு விமான இறக்கையின் மேல் பாயும். அறை அதிராது. பக்கத்து மேசைக்காரர் தலை நிமிர மாட்டார். திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்ற ஆரம்பிக்கும்.

"ஓடுது. ஓடட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோப்பையோடு எழுவார்.

இருபத்துமூன்று வருடங்களாக அதே மாடி, அதே ஜன்னலோரம். இதுவரை ஆறாயிரத்துச் சொச்சம் இடிகளை இறக்கியிருக்கிறார். இடி விழுந்த இறக்கை ஒன்றைக்கூட விரலால் தொட்டதில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'இடிதாங்கி'. தொழிலைப் பார்த்து வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் கொஞ்சம் பெருமையும் உண்டு. வைத்தவர்கள் வேறு காரணத்துக்காக வைத்தார்கள். கூட்டங்களில் இயக்குநரின் கோபம் முதலில் இவர் தலையில்தான் இறங்கும். ஆனால் இறங்கிய வேகத்தில் வெளியேறிவிடும். "அதாவது பாருங்க சார், அளவெடுத்துக் குடுத்தவங்க அப்படிக் குடுத்திருக்காங்க" என்பார். ஐந்தே நிமிடத்தில் அந்தக் கோபம் பத்திரமாக வேறொருவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இவர் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது.

அவர் செய்யும் வேலை முக்கியமானதுதான். அதில் கேலிக்கு இடமில்லை. புதுக்கால விமான இறக்கை உலோகத்தால் ஆனதல்ல. மெல்லிய கார்பன் இழைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசின் போட்டு ஒட்டிய பலகை. உலோகத்தில் மின்னல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இந்தப் பலகையிலோ முரண்டு பிடிக்கும். பிசின் எரியும், தாள்கள் பிரியும். அதனால் மேலே செம்புக் கம்பிவலை ஒன்றைப் போர்த்துகிறார்கள். வலையையும் மீறி உள்ளே எவ்வளவு கெட்டுப்போகும்? கெட்ட இடத்தோடு விமானம் பறந்தால், காற்றில் இறக்கை வளைந்து வளைந்து அந்த விரிசல் எப்போது பெரிதாகும்? இரண்டையும் கணினியில் போட்டுக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. ஊர் உலகம் இதைச் சிமுலேஷன் என்கிறது. அவர் 'கணக்கு' என்கிறார், வீட்டுப் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. "கணக்கு ஒத்துக்கல." "கணக்கு இன்னிக்கி ஒரு மாதிரியா இருக்கு." "கணக்கு சொல்லிருச்சு, இனி நாம என்ன சொல்றது?"

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் சட்டங்களைப் பொருத்தி நிமிர்த்துபவர். கல்யாணமான புதிதில், 'சோர்வு' என்றால் என்ன, நல்ல பொருள் ஏன் திடீரென்று உடைகிறது என்று அவருக்கு இவர் விளக்கினார். "ஒரு கம்பிய முன்னாடியும் பின்னாடியும் வளைச்சுக்கிட்டே இரு. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் பட்டுனு போயிரும்."

"நானும் இந்த வீட்ல வளைஞ்சுகிட்டேதாங்க இருக்கேன்" என்றார் மனைவி, இருபத்தாறு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. "என்னைய எந்தக் கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாக்கலையே?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு உன்னோட அளவெல்லாம் வேணும்" என்றார்.

அவருடைய தனித் திறமை வண்ணத்தில் இருக்கிறது. கணக்கு முடிந்ததும் இறக்கையின் படம் வண்ணங்களோடு திரைக்கு வரும். கெடுதல் இல்லாத இடம் நீலம், கொஞ்சம் கெட்டால் பச்சை, மோசமாகக் கெட்டால் சிவப்பு. எந்த அளவிலிருந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும்போது சிவப்பு எட்டாத உயரத்தில் இருக்கும். அவருடைய படங்கள் எல்லாமே மழை பெய்து ஓய்ந்த தோட்டம்போலப் பச்சைப்பசேலென்று இருக்கும். "பெரியவங்க சிவப்பப் பாத்தா கேள்வி கேப்பாங்க. கேள்வி கேட்டா கூட்டம் நீளும். கூட்டம் நீண்டா யாருக்கு லாபம்?" இதில் பொய் எங்கே என்று யாரும் விரல் நீட்ட முடியாது. உண்மையான எண்கள் படத்துக்கு அடியில் இருக்கத்தான் செய்யும், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்காக.

தரைத்தளத்தில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே நிஜப் பலகையின் மேல் நிஜ மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். அதன் பொறுப்பாளரை எல்லோரும் 'அக்கா' என்பார்கள். மூன்று வயது மூத்தவரான இவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். விரல்களில் கார்பன் சிலாம்பு ஏறி ஏறித் தழும்பான பெண். உரக்கத்தான் பேசுவார், வெடிச்சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. கூடம் திறந்த இந்தப் பதினோரு வருடத்தில் இடிதாங்கி மூன்று முறை அங்கே இறங்கியிருக்கிறார், மூன்றும் யாரோ ஓய்வுபெற்ற நாட்கள், கேக் வெட்டுவதற்கு. அந்த இடத்தை அவர் 'கீழே' என்பார். அந்தச் சொல்லில் வெறும் மாடிக்கணக்கு மட்டும் இல்லை. "கீழ ஒரு பலகைய ஒரு தடவைதான் உடைக்க முடியும். நான் ஒரே பலகைய நாப்பது தடவ உடைப்பேன், சாயங்காலம் முழுசா வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அவருடைய மச்சினி விமானப் பணிப்பெண். மாதம் ஒருமுறை, உருட்டுப்பெட்டியும் வீங்கிய காலுமாக, இவர்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார். போன வருடம் அவர் போன விமானத்தின் மேல் இடி விழுந்தது. வீட்டுக்கு வந்து சொன்னார்: "தகரக் கதவ யாரோ கட்டையால அடிச்ச மாதிரி ஒரு சத்தம், அத்தான். ஜன்னல் பூரா வெள்ளையாயிருச்சு. ஒருத்தர் என் கைய விடவே இல்ல, இறங்குற வரைக்கும்."

"எந்தப் பக்கம்?" என்றார் இடிதாங்கி.

"எது?"

"இடி. இடது றெக்கையா, வலது றெக்கையா? நுனியிலிருந்து எவ்வளவு தூரம்?"

மச்சினி தன் அக்காவைப் பார்த்தார். "பயந்தியான்னு ஒரு வார்த்த கேக்குறாரா பாரு" என்றார் மனைவி.

"கறை எவ்வளவு பெரிசு? காசு அளவா, தட்டு அளவா?" அதற்குள் ஒரு தாளை எடுத்து இறக்கையை வரைந்துவிட்டிருந்தார்.

"நீங்க நேர்ல பாத்ததே இல்லையா அத்தான்?"

"நேர்ல எதுக்கும்மா?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இப்படிப்பட்டவரின் வாழ்வில் ஒரு போல்ட் வந்து சேர்ந்தது.

நிறுவனத்தின் புதிய விமானத்துக்கு எடை குறைக்க வேண்டும் என்று இயக்குநர் துடித்துக்கொண்டிருந்தார். செம்பு வலையைப் பாதியாக மெலிய வைத்தால் ஓர் இறக்கைக்குப் பதினோரு கிலோ மிச்சம். "பாதி வலை தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். 'தாங்கும்னு சொல்லுங்க' என்பதுதான் அந்த வாக்கியத்தின் நிஜ உருவம். இடிதாங்கிக்கு அது உடனே காதில் விழுந்தது.

கணக்கைப் போட்டார். வட்டம் சுற்றி முடிந்தது. படம் வந்தபோது, போல்ட் போகும் ஓட்டையைச் சுற்றி ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. வண்ணப் பட்டையை மேலே தள்ளினார். சிவப்பு போகவில்லை. இன்னும் தள்ளினார். வெற்றிலை துப்பிய மாதிரி அப்படியே நின்றது.

காரணம் அவருக்குத் தெரியும். போல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மின்னல் அங்கே பொறியாகத் தாவும், சுற்றிலும் எரிக்கும். எந்தத் தொழிற்சாலையிலும் எல்லாப் போல்ட்டும் ஓட்டையை முழுசாகக் கவ்விக்கொண்டு உட்காருவதில்லை. அந்த இடைவெளி அவருடைய கணக்கில் ஒரே ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே சிறிது நேரம் பார்த்தார். பிறகு அந்த எண்ணைச் சற்றே தடவிக்கொடுத்தார். உலகத்தின் எல்லாப் போல்ட்டுகளும் ஓட்டையோடு ஒட்டிப் பிறந்தவை என்று ஆயிற்று. மறுபடி ஓட்டினார். தோட்டம் பச்சையாகிவிட்டது. மின்னல் விழுந்த பிறகும் பலகை மூன்று லட்சம் தடவை வளைந்து நிமிரும் என்று கணக்கு சொன்னது.

நடைபாதையில் இயக்குநரைப் பார்த்தபோது, "எல்லாம் பச்சை சார்" என்றார். இயக்குநர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அறிக்கை எழுதவேண்டியதுதான் பாக்கி. விதிப்படி கீழேயும் ஒரு சோதனை நடந்தாக வேண்டும். அதன் பிறகு வெள்ளிக்கிழமை முடிவுக் கூட்டம்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தார். "சார், ஒரு எட்டு கீழ வந்துட்டுப் போங்க. கணக்குப் போட்டவங்க ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்னு இப்ப புது விதி."

போனார். காதை மூடக் கவசம் கொடுத்தார்கள். தலைமுடி கலையும் என்று அரைகுறையாக மாட்டிக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், தட்டு மாதிரி ஒரு பலகை, நடுவில் போல்ட். அக்கா ஐந்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினார்.

பிறகு என்ன நடந்தது என்று அவரால் கோர்வையாகச் சொல்ல முடியாது. வயிற்றுக்குள் யாரோ கதவை அறைந்தார்கள். வெளிச்சம் இமையைத் துளைத்தது. நிதானத்துக்கு வந்தபோது தரையில் குந்தியிருந்தார்; இரண்டு கையாலும் அக்காவின் முழங்காலைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"இவ்ளோ சத்தமா வரும்?" என்றார்.

"இடி சார்" என்றார் அக்கா.

ஆறாயிரம் இடிகளை இறக்கிய மனிதர், இடிக்குச் சத்தம் உண்டு என்பதை ஐம்பத்துநாலாம் வயதில் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். அக்கா பலகையைக் கழற்றி நீட்டினார். கருகிய பிசின் நாற்றம் மூக்கில் ஏறியது. ஓட்டையைச் சுற்றித் தாள்கள், நனைந்து காய்ந்த புத்தகம்போல, பிரிந்து உப்பி நின்றன. மாடியில் பன்னிரண்டு நாளைக்கு முன் பார்த்த சிவப்புத் திட்டின் அதே வடிவம், அதே அகலம். அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா அந்தப் பலகையை வளைக்கும் இயந்திரத்தில் மாட்டினார். நொடிக்கு ஐந்து தரம் இழுத்து அமுக்கும் இயந்திரம். கணக்கு சொன்ன மூன்று லட்சம் தடவை முடிய நள்ளிரவு தாண்டியிருக்க வேண்டும். பதினொன்றே காலுக்கு இயந்திரம் நின்றுவிட்டது. நாற்பத்தோராயிரம். பலகை இரண்டாக இருந்தது.

"பிடிமானம் சரியில்ல" என்றார் இடிதாங்கி, போனில்.

அக்கா பிடிமானத்தைச் சரிபார்த்து, இடி வாங்கிய இரண்டாவது பலகையை மாட்டினார். முப்பத்தெட்டாயிரம்.

"காத்துல ஈரம் ஜாஸ்தி. பிசின் தளர்ந்திருக்கும்."

மூன்றாவது, நாற்பத்துமூவாயிரம்.

"சொல்லி வச்ச மாதிரி மூணும் ஒரே தப்பப் பண்ணுதா சார்?" என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. களைத்திருந்தார்.

அன்று மாலை மச்சினி வந்திருந்தார். சாப்பிடும்போது, "அத்தான், அடுத்த வருஷம் எங்க கம்பெனி உங்க விமானம் எட்டு வாங்குதாம். என்னைய அதுலதான் போடப் போறாங்க" என்றார். "உங்க றெக்கை மேல உக்காந்து போகப் போறேன். தைரியமாப் போலாமா?"

அவர் வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"என்னங்க, புள்ள கேக்குதுல்ல?" என்றார் மனைவி.

"கணக்கு நடந்துகிட்டிருக்கு" என்றார்.

"போன வாரம் முடிஞ்சிருச்சுன்னீங்களே?"

தண்ணீர் குடித்தார். தட்டில் இருந்ததை ஓரத்துக்கு ஒதுக்கினார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் கோணியிருக்கிறதா என்று வாடிக்கையாளர் மூக்கைப் பார்க்கும் அதே பார்வை. மச்சினி வீங்கிய கணுக்காலை நீவிக்கொண்டிருந்தார். மின்னல் நாளில் யாரோ ஒருவர் இறங்கும்வரை விடாமல் பிடித்திருந்த கை அதுதான் என்பது, ஏனோ, அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை ஒன்பது பத்துக்குக் காபி எடுக்கப் போகவில்லை. தடவிக்கொடுத்த எண்ணைப் பழைய இடத்துக்கே திருப்பினார். ஓட்டினார். நாற்பத்தையாயிரம் என்றது கணக்கு. இன்னும் ஒரு நூலிழை தள்ளினார். நாற்பத்தோராயிரம். அக்காவின் முதல் பலகையோடு அச்சாகப் பொருந்தியது. அவர் மனம் லேசாயிற்று. ஒரு மனிதரின் உயிர் காப்பாற்றப்பட்டது என்று லேசாயிற்றா, இனி தன்னை யாரும் தப்பு சொல்ல முடியாது என்று லேசாயிற்றா என்று அவரைக் கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக, அவருடைய படம் சுவரில் சிவப்பாக விரிந்தது. அறையில் முனகல் எழுந்தது.

"போன வாரம் பச்சைன்னீங்களே?" என்றார் இயக்குநர். இடி இறங்குகிறது என்று எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"அதாவது பாருங்க சார், போல்ட் முழுசா இறுகியிருந்தா பச்சை. ஆனா எல்லா போல்ட்டும் அப்படி இருக்குமா? இந்த இடத்துல பிரச்சனை வரும்னு எனக்கு மொதல்லயே தெரிஞ்சுது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பொய் கிடையாது. அதுதான் அதிலிருந்த அசிங்கம்.

"சோதனை என்ன சொல்லுது?"

"கணக்கு நாப்பத்தோராயிரம் சொல்லுச்சு. கீழயும் அதேதான் வந்திருக்கு. ஒரு பிசிறு இல்ல சார்."

இயக்குநர் சிவப்புத் திட்டை ஒரு நிமிடம் பார்த்தார். பதினோரு கிலோவை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார். "வலை பழையபடியே இருக்கட்டும்" என்றார். பிறகு, பெருந்தன்மையாகத் தோற்பவர்களின் குரலில், "உடைஞ்சதுக்கப்புறம் சொல்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. முன்னாடியே சொல்றதுக்கு இவர மாதிரி ஒருத்தர் வேணும்" என்றார். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்துவதற்குச் சற்று முன்னதாக நிறுத்தினார். இடிதாங்கி எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "என்னோட கடமை" என்றார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது அக்கா வாசலில் நின்றார், கையில் சோதனைக்கூடத்துப் பதிவேடு.

"நல்லாச் சொன்னீங்க சார். றெக்கை தப்பிச்சுது."

"எல்லாரும் சேந்து பண்ணதுதானே அக்கா" என்றார் அவர், வாரி வழங்கும் பாவனையில்.

"ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிருங்க." பதிவேட்டைச் சுவரில் வைத்து விரித்துப் பிடித்தார். மூன்று பலகைகளும் அதில் வரிசையாக இருந்தன: தேதி, நேரம், எத்தனையாவது தடவையில் உடைந்தது, எல்லாம் குண்டு எழுத்தில். அவற்றுக்கு எதிரே 'கணக்கின் முடிவு' என்று ஒரு கட்டம். "இங்க நாப்பத்தோராயிரம்னு எழுதுங்க. கீழ கையெழுத்து. பக்கத்துல தேதி."

"இன்னிக்கித் தேதியா?"

"இல்ல சார். சிவப்பு வந்த கணக்க எந்த நாள்ல ஓட்டுனீங்களோ அந்தத் தேதி." அக்கா எப்போதும்போல உரக்கத்தான் கேட்டார். "சோதனைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நடைபாதையில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். வியாழக்கிழமை என்று எழுதினால், பலகை உடைந்ததைப் பார்த்து எழுதிய கணக்கு. பதினைந்து நாளைக்கு முந்தைய தேதியை எழுதினால், தெரிந்துகொண்டே பச்சை என்று சொன்ன மனிதர். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தார்.

இடிதாங்கி பேனாவை எடுத்தார். நாற்பத்தோராயிரம் என்று அழகாக எழுதினார். அதன் கீழே, வால் சுழித்த தன் நீளமான கையெழுத்தை முழுசாகப் போட்டார். மை தடையில்லாமல் இறங்கியது. தேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கி, காற்றில் இரண்டு உதறு உதறினார். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு, மை தீர்ந்துபோனவர்போல மூடியைத் திருகி, பையில் செருகிக்கொண்டு படியேறினார்.